பார்ப்பதற்கென்று ஒரு காடு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே 15 கிலோமீட்டர் போல போனால் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் அங்கேதான் இருக்கிறது. கோயிலைச் சுற்றிக் காடு. சின்ன வயசில் எனக்கு அது மொட்டையடிக்கிற இடம், காது குத்துகிற இடம். வேன் பிடித்துப் போய்ப் பொங்கல் வைத்து, மரத்தடியில் இலை போட்டுச் சாப்பிட்டு, சாயந்திரம் திரும்பிவிடுவோம். காடு பார்க்கப் போகிறோம் என்று யாரும் சொன்னதில்லை. சாமிக்குப் போகிறோம் என்றுதான் சொல்வார்கள்.

போன மாசியில் அதே காட்டுக்கு ஓர் ‘இயற்கை நடை’யில் போனேன். பணம் கட்டி, தொப்பி போட்டு, பேசாமல், வரிசையாக. கூட்டிக்கொண்டு போனவர் நல்ல மனுஷர், விஷயம் தெரிந்தவர். ஒவ்வொரு மரத்துக்கும் இலத்தீன் பெயர் சொன்னார். ஆறுமணிக்குருவி கத்தியது, எல்லாரும் தொலைநோக்கியைத் தூக்கினார்கள். ‘மனுஷக் கால் படாத காடு இந்தக் கடற்கரையில் இவ்வளவுதான் மிச்சம்’ என்றார் அவர். அவர் இதைச் சொன்னபோது எங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு குடும்பம் பொங்கப்பானையை இறக்கிவைத்துக் குலவை போட்டுக்கொண்டிருந்தது. குழுவில் ஒருத்தர், சத்தம் பறவையை விரட்டிவிடும் என்று முகம் சுளித்தார்.

அங்கே வேப்பமரத்துக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பின்தங்கி நின்றதும் கேட்டார்: ‘என்ன தம்பி, மரத்துக்கெல்லாம் இங்கிலீசுப் பேரோ சொல்லுறார்?’ இலத்தீன் என்றேன். சிரித்தார். ‘அது வீரை. அங்கால நிக்கிறது பாலை. எங்கட பக்கம் பாலைப்பழம் காச்சா ஊரே காட்டுக்கதான் நிக்கும்.’ முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். 1990இல் வந்தவர். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற முகாமில்தான் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறார்.

இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தச் சிரிப்புதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

காட்டைப் ‘பார்க்க’ப் போவது என்பது ஒரு வரலாற்றுப் பழக்கம். எல்லாக் காலத்திலும் எல்லாரும் செய்த காரியம் அல்ல. அமெரிக்காவில் 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அங்கே ஷோஷோனி, கிரோ முதலான மக்கள் வேட்டையாடியும் பயணம் செய்தும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை வெளியே நிறுத்திய பிறகுதான் அது ‘ஆளில்லாத இயற்கை’ ஆனது. 1886 முதல் 1918 வரை அந்தப் பூங்காவைக் காத்தது ராணுவம். முதலில் ஆளை வெளியேற்றுவது, பிறகு ஆளில்லாமையை அழகு என்று அறிவிப்பது, கடைசியில் அந்த அழகைப் பார்க்க வேறு ஆட்களுக்குச் சீட்டு விற்பது - தேசியப் பூங்கா என்கிற சொல்லாடல் இந்த மூன்று படியில் ஏறி வந்தது. ராமச்சந்திர குஹா 1989இலேயே இதை மூன்றாம் உலகின் பக்கம் நின்று விமர்சித்து எழுதினார். 1995இல் வில்லியம் குரோனன் அமெரிக்காவுக்குள்ளிருந்தே ‘கன்னிநிலம்’ என்பது நாகரிகம் செய்துகொண்ட கற்பனை என்றார். நமது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அந்தப் படிகளில்தான் நிற்கிறது. தேசியப் பூங்காவுக்குள் ஆடு மாடு மேயக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

நம்ம கடற்கரைக் காட்டு வகைக்கு ஒரு தேசியப் பூங்கா உண்டு. ரொம்பப் பேருக்கு அது மான் பூங்கா. பள்ளிக்கூடச் சுற்றுலா போகிற இடம். கிண்டி. கவர்னர்களின் தோட்டமும் வேட்டைக் காடுமாக இருந்ததை 1821இல் கம்பெனி அரசாங்கம் 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910இல் காப்புக்காடு ஆனபோது ஏறக்குறைய 505 ஹெக்டேர். 1958இல் ஒரு பகுதி ஐ.ஐ.டி.க்குப் போனது, ஒரு பகுதி குழந்தைகள் பூங்காவுக்குப் போனது, அப்புறம் தலைவர்களின் நினைவகங்களுக்கு. எல்லாம் போக மிச்சத்தைத்தான் 1978இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். சுமார் 270 ஹெக்டேர். கிண்டிக் காட்டைத் தின்றது சுள்ளி பொறுக்கியவர்களோ ஆடு மேய்த்தவர்களோ அல்ல. அரசாங்கம்தான் தின்றது. மிச்சம் வைத்ததற்குப் பெயர் பாதுகாப்பு.

சரி, புதுச்சேரிக்கு வருவோம். இங்கே காட்டுக்கும் அதிகாரத்துக்கும் இருந்த உறவு வேறு மாதிரி. காவற்காடு, மிளை, கடிமரம் என்றெல்லாம் எம்.ஏ.வில் படித்தோமே, அது வெறும் செய்யுள் சமாச்சாரம் இல்லை. திருக்குறளின் அரண் அதிகாரம் காட்டையும் அரணின் உறுப்பாகவே எண்ணுகிறது. 1801இல் காளையார்கோயில் காட்டுக்குள் பாதை வெட்டி நுழைய முயன்ற கர்னல் அக்னியூவின் படை வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டு கையைப் பிசைந்தது இந்த அரண் இலக்கணத்தால்தான். பிரெஞ்சுக்காரன் இதை நம்மிடமிருந்து கற்றுக்கொண்டானா, தானே கண்டுபிடித்தானா என்பது வேறு கேள்வி. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்குக் கல்கோட்டை போதாமல் ஒரு முள்கோட்டையும் இருந்தது. கோட்டையிலிருந்து சுமார் ஒரு மைல் தள்ளி, வடக்கே கடலோரத்தில் தொடங்கி, அரைவட்டமாக ஐந்தரை மைல் வளைந்து அரியாங்குப்பத்து ஆற்றில் போய் முடிந்த உயிர்வேலி. கற்றாழையும் முட்செடிகளும், நடுநடுவே தென்னையும் பனையும். குதிரைப்படை நுழைய முடியாது, காலாட்படைக்கும் கஷ்டம் என்று கம்பெனியின் வரலாற்றாசிரியன் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறான். வேலியைக் கடக்கும் பாதைகளில் பீரங்கி மேடுகள். 1748இல் பாஸ்கவன் முற்றுகையிட்டபோதும், 1760இல் அயர்கூட் வந்தபோதும் இந்த வேலியைக் கடந்துதான் நகரத்தை நெருங்க வேண்டியிருந்தது. 1761 ஜனவரியில் நகரம் விழுந்தது. ஆனந்தரங்கப்பிள்ளை அதே மாசத்தில்தான் செத்துப்போனார்.

இந்த வேலி நமக்கு முக்கியம். ஏனென்றால் புதுச்சேரியின் பச்சைக்கு முதல் வேலை பிரிப்பது. உள்ளே பட்டணம், வெளியே மற்றது. பட்டணத்துக்குள்ளேயும் ஒரு வாய்க்கால் வெள்ளையர் பக்கத்தையும் தமிழர் பக்கத்தையும் பிரித்தது. பச்சையும் தண்ணீரும் இங்கே எல்லைக்கோடாகத்தான் வரலாற்றில் நுழைகின்றன.

இரண்டாவது வேலை விளைவிப்பது. 1816இல் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரி திரும்பக் கிடைத்தது. அந்த வருஷமே தாவரவியலாளர் லெஷெனோ தெ லா தூர் வந்து இறங்கினார். 1826இல் தாவரவியல் பூங்கா. இங்கிருந்து விதைகளும் செடிகளும் பூர்போன் தீவுக்குப் போயின. 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்த பிறகு, இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் கூலிகளாக ஆட்களும் போனார்கள். செடி போன வழியில் ஆள் போனான். அந்தத் தீவுக்கு இப்போது ரெயூனியன் என்று பெயர். 2007இல் அதன் மலைக்காடுகள் தேசியப் பூங்கா ஆயின, 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. தோட்டத்திலிருந்து தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலைக்குழிகளுக்குள் இன்றைக்கு முதுகில் பை மாட்டிக்கொண்டு நடைப்பயணிகள் போகிறார்கள். கால்நடையாகத்தான் போகமுடியும் என்பது அங்கே கவர்ச்சி. ஓடிவந்தவனுக்கு அதுதான் உயிர்.

பூங்காவுக்குப் பின்னாளில் பொறுப்பேற்ற ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தேயைப் பற்றி யாராவது தனியாக எழுதவேண்டும். இங்கே வருவதற்கு முன்னால் செனெகலில் இருந்தவர். அந்த நாட்டுத் தாவரங்களைப் பற்றிய பெரிய நூலில் பங்கு உள்ளவர். 1842இல் அவுரிச் சாகுபடி பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1870இல் புதுச்சேரியிலேயே காலமானார். செனெகல், அவுரி, புதுச்சேரி: இந்த மூன்றும் ஒரு மனுஷன் வாழ்க்கையில் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல. அவுரியில் தோய்த்த ‘கினே’ என்கிற நீலத்துணி புதுச்சேரியிலிருந்து செனெகலுக்குப் போனது. அங்கே அது துணி மட்டுமல்ல, பணம். வேலமரப் பிசினுக்கு அதைத்தான் மாற்றாகக் கொடுத்தார்கள். 1829இல் இங்கே நூற்பாலை வந்ததும் இந்த வியாபாரத்துக்காகத்தான். ஆக, நம்ம செம்மண்ணில் அவுரி விளைந்து, ஆப்பிரிக்க வறண்ட காட்டின் பிசின் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது. அவுரிக்காக உழப்பட்ட நிலத்தையும் சாயத்தொட்டிக்கு எரித்த விறகையும் கணக்கெடுத்து எந்தத் தாவரவியல் நூலும் எழுதவில்லை. கடலோரத்தில் இன்றைக்குப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக் ‘காடு’ என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அதில் பெரும்பகுதி சவுக்கும் முந்திரியும். ஒன்று அடுப்புக்கும் சாரத்துக்கும் நட்டது, மற்றது போர்த்துகீசியர் கொண்டுவந்தது.

மூன்றாவது வேலை வரைபடம் ஆவது. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1955இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திறந்தாயிற்று. கொடி இறங்கி ஐந்து மாசம்கூட ஆகவில்லை. ஒரு பக்கம் ழான் ஃபிலியோசாவின் சமஸ்கிருத, சைவ ஆய்வுகள். இன்னொரு பக்கம் தாவரப் படம். கோசேன், லெக்ரி ஆகியோரின் முயற்சியில் 1961 முதல் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் படங்கள் வெளிவந்தன. அழகான படங்கள், நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நிறங்களை வாசிக்கப் பழக வேண்டும். இருப்பதை மட்டும் அவை காட்டுவதில்லை. மனுஷன் கைவைக்காமல் விட்டிருந்தால் இந்த மண்ணிலும் மழையிலும் என்ன வளர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துக் காட்டுகின்றன. நிலக்கடலைக் கொல்லையின் மேல் ஒரு காட்டின் ஆவியைப் போர்த்துகிறது படம்.

நம்ம கடற்கரைக் காடு இந்த அறிவியலைக் கொஞ்சம் திணறடித்தது. சேம்பியன் 1936இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்கு ‘உலர் பசுமைமாறாக் காடு’ என்று பெயர் வைத்தார். பெயரிலேயே முரண். வருஷத்துக்கு 1,200, 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு ஆறு மாசம் வெயில். கணக்குப்படி இந்தக் காடு இலை உதிர்க்க வேண்டும். உதிர்ப்பதில்லை. குட்டையான மரங்கள், தோல் மாதிரி தடித்த இலை, பின்னிக்கிடக்கும் கொடி. வீரை, பாலை, காயா, கொக்கட்டை, நெய்க்கொட்டான். பிளாஸ்கோவும் லெக்ரியும் 1973இல் கோடியக்கரை, மரக்காணம் காடுகளைப் பற்றி எழுதினார்கள். மெஹர்-ஹோம்ஜி மறுவருஷம் இதன் தோற்றத்தை ஆராய்ந்தார். இது முழுவளர்ச்சி பெற்ற காடா, வெட்டியும் மேய்ந்தும் குறுகிப்போன வேறொன்றின் மிச்சமா என்பது விவாதம். எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லத் தகுதி கிடையாது. ஆனால் கேள்வியின் வடிவத்தைக் கவனியுங்கள்: மனுஷனைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? தொல்காப்பியக்காரன் கேள்வி இப்படி இல்லை. அவனுக்குக் காடு முல்லை, கடல் நெய்தல், ஒவ்வொன்றிலும் தெய்வமும் உணவும் தொழிலும் பறையும் உண்டு. காடும் கடலும் சேர்ந்துகிடந்தால் திணைமயக்கம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். மனுஷன் இல்லாத திணை அவனிடம் கிடையாது.

இதைச் சொன்னவுடன் ‘ஆஹா, நம் முன்னோர்!’ என்று ஆரம்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் எனக்குச் சண்டை உண்டு. இன்று மிஞ்சியிருக்கிற உலர் பசுமைமாறாக் காட்டுத் துண்டுகளில் பல, கோயில் காடுகள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் கார்த்திகேயனும் கடலூர்ப் பக்கத்துக் குழந்தைக்குப்பம், திருமாணிக்குழிக் காடுகளை மரம் மரமாக அளந்து 1997இல் வெளியிட்டார்கள். இப்படி வந்த ஆய்வுகளை வைத்துக்கொண்டு ‘சமூகமே காத்த காடு’ என்று ஒரு கதையாடல் உருவாகிவிட்டது. சமூகம் என்றால் யார்? தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. காட்டில் ஒரு குச்சியும் ஒடிக்கக்கூடாது என்பது விதி. அடுப்புக்குக் குச்சி தேவைப்படுகிறவர்கள் யார்? சொந்தக் கொல்லையும் தோப்பும் இருக்கிறவனுக்கு அந்த விதி ஒரு கஷ்டமும் தராது. மேற்கே ஒரு கிராமத்தில் (பெயர் வேண்டாம்) சேரிக் கிழவி ஒருத்தியிடம் சாமி காட்டில் விறகு எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கண் அவிந்துபோகும், பாம்பு கடிக்கும் என்கிற பதிலை எதிர்பார்த்து நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். அவள் சொன்னாள்: ‘சாமி ஒண்ணும் பண்ணாது சாமி. ஊர்க்காரன்தான் அடிப்பான்.’

அதற்காகக் கோயில் காடுகளை அழித்துவிடலாமா என்று கேட்காதீர்கள். அந்தக் காடுகள் வேண்டும். அவற்றைக் காத்தது பக்தியா, பயமா, அடியா என்பதும் தெரியவேண்டும்.

ஆரோவில் கதை இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1968 பிப்ரவரி 28இல் தொடங்கிய நகரம். செம்மண் மேடு மழைக்கு அறுத்து ஓடைகளாய்ப் பிளந்து கிடந்ததும், அவர்கள் கரை கட்டித் தண்ணீரை நிறுத்தி, முதலில் ஆஸ்திரேலியக் கருவேல வகை மரத்தையும் பின்னால் நாட்டு மரங்களையும் நட்டு நிழல் உண்டாக்கியதும் உண்மை. பிச்சாண்டிக்குளம் பக்கம் போனால் பொறாமையாகக்கூட இருக்கும். ஆனால் ‘வெறும் பொட்டல்’ என்று அவர்கள் புத்தகங்களில் வருகிறதே, அந்தப் பொட்டலில் வரகும் கடலையும் போட்டவர்கள் குயிலாப்பாளையத்திலும் இடையஞ்சாவடியிலும் இருந்தார்கள். இரும்பை கோயிலில் கடுவெளிச் சித்தர் கதை சொல்வார்கள். சித்தர் கோபத்தில் லிங்கம் வெடித்தது, இந்த மண்ணில் புல் முளைக்காது என்று சாபம். ராஜா காலில் விழுந்ததும், தூரதேசத்து ஜனங்கள் வந்து பச்சையாக்குவார்கள் என்று சாபவிமோசனம். சித்தருக்கு இவ்வளவு தூரம் எதிர்காலம் தெரிந்திருந்தால் அந்த ஜனங்களுக்குள்ளேயே வழக்கு வரும் என்றும் சொல்லியிருக்கலாம். 2021 டிசம்பரில் வட்டச்சாலைக்காக மரங்களை இயந்திரம் வைத்துச் சாய்த்தபோது விஷயம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. தீர்ப்பாயம் 2022இல் போட்ட உத்தரவை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கு முழுக்க ஒரு கேள்வி நிழலாடியது: மனுஷன் நட்டு வளர்த்தது காடாகுமா?

கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: காடு என்பதற்கு அகராதி என்ன பொருள் சொல்கிறதோ அதுவே காடு, பட்டா யார் பெயரில் இருந்தாலும். நான் தமிழ் படித்தவன், அகராதி என்றால் காதைத் தீட்டிக்கொள்வேன். எந்த மொழி அகராதி? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் பிரித்தால் காடு வனம் மட்டும் இல்லை, மிகுதியும் சுடுகாடும்கூட. கோயம்புத்தூர்ப் பக்கம் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் களை வெட்டப் போகிறான் என்று அர்த்தம். எங்கள் பக்கம் இன்னொரு அர்த்தமும் உண்டு, விடிகாலையில். ஆற்காடு, ஆலங்காடு, மறைக்காடு என்று ஊருக்கே அதுதான் பெயர். உழுவதும் எரிப்பதும் கும்பிடுவதும் ஒதுங்குவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கிற மொழியில் ஆளில்லாத இடம் என்ற பொருளுக்குக் கடைசிப் படியில்தான் இடம் கிடைக்கும்.

இனி அந்தப் பெரியவர்.

அவர் சொன்ன பாலையும் வீரையும் வன்னிக் காட்டின் முக்கியமான மரங்கள். கடல் நடுவில் வந்ததே தவிர, அந்தக் காடும் இந்தக் காடும் உறவு. இலங்கையின் வடமேற்குக் கரையில் வில்பத்து 1938இலேயே தேசியப் பூங்கா. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரம் பேருக்கு மேல். தமிழில் எழுதுகிற நாம் அதை இன்னும் வாய் திறந்து சரியாகப் பேசவில்லை. வில்பத்துக்கு வடக்கே மறிச்சுக்கட்டிப் பக்கத்து ஊர்களும் அப்படிக் காலியானவை. ஆளில்லாத ஊரில் இருபது வருஷத்தில் காடு ஏறிவிடும். யுத்தம் முடிந்து அவர்கள் திரும்பி வந்து தங்கள் நிலத்தைத் துப்புரவாக்கியபோது, 2015இல் ‘வில்பத்துவை அழிக்கிறார்கள்’ என்று கொழும்பில் பெரிய கூச்சல். பூங்காவின் எல்லை, அதையொட்டிய காப்புக்காட்டின் எல்லை, பழைய ஊர் எல்லை எல்லாம் அந்தக் கூச்சலில் ஒன்றாகிவிட்டன. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் திரும்ப மரம் நடவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. துப்பாக்கியால் காலியான ஊர். காலியானதே பிறகு காட்டுக்கான அத்தாட்சி. யெல்லோஸ்டோனுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதே இல்லை.

பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவருக்கு வில்பத்து வழக்கு தெரிந்திருந்தது. ‘அவையின்ர காணி அது’ என்று மட்டும் சொன்னார். அவர் ஊரிலும் வீடு இருந்த இடத்தில் பாலை முளைத்துவிட்டதாம், மருமகன் போய்ப் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறான். 2021இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் காட்டு ஓரத்திலேயே இருக்கிறார், இதில் எந்த மரம் எப்போது பூக்கும் என்று தெரியும், தானே புயலில் 2011 டிசம்பர் 30இல் எது எது விழுந்தது என்றும் தெரியும். ‘இயற்கை நடை’க்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குழு அதற்குள் ரொம்ப தூரம் போயிருந்தது. நான் எழுந்தபோது அவர் தரையில் கிடந்த ஒரு காயை எடுத்துக் கையில் கொடுத்தார். ‘குச்சிதானே எடுக்கக்கூடாது’ என்றார், ‘விதைக்கு ஒண்டும் சொல்லேல்ல.’ அது நெய்க்கொட்டான். வீட்டு மாடியில் பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டேன். இன்னும் முளைக்கவில்லை.